எண்ணெயை மாற்றினால் பதற்றம் தணியுமா?

விதை எண்ணெய் மூளையைக் கெடுக்கிறது என்று மிரட்டும் காணொளிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. அவை அடிக்கடி சாட்சிக்கு இழுப்பது, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வை. சோயா எண்ணெய் மிகுந்த தீனி தின்ற ஆண் சுண்டெலிகளின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவும் அதில் அடக்கம்.

காணொளிகள் சொல்லாமல் விழுங்கிவிடும் சேதி ஒன்றுண்டு. வழக்கமாகப் பழி சுமத்தப்படும் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பைக் குறைத்துத் தயாரித்த சோயா எண்ணெயும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் காட்டியது. மனிதர்களுக்கும் இப்படியே நேரும் என்று ஆய்வாளர்கள் சொல்லவும் இல்லை.

கொழுப்புக்கும் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பை மனிதர்களிடம் பார்த்த சோதனைதான் சுவாரசியம். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 68 மருத்துவ மாணவர்களுக்கு 12 வாரம் மாத்திரை கொடுத்தனர். ஒரு பிரிவுக்கு தினமும் சுமார் 2.5 கிராம் ஒமேகா-3 கொழுப்பு அமிலம். இன்னொரு பிரிவுக்கு, அமெரிக்கர்கள் அன்றாடம் உண்ணும் கொழுப்பின் விகிதத்தில் பாமாயில், ஆலிவ், சோயா, கனோலா எண்ணெய்களைக் கலந்த மாத்திரை. தேர்வுக் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பது திட்டம். கல்லூரியோ தேர்வுகளைப் பிரித்து வைத்து அந்தக் காய்ச்சலையே தணித்துவிட்டது! அப்படியும் ஒமேகா-3 பிரிவில் பதற்றம் 20 சதவீதம் குறைந்திருந்தது. மனச்சோர்வில் மாற்றமில்லை. 2011-ல் வந்த முடிவு இது. 2018-ல் 19 சோதனைகளைச் சேர்த்து அலசியபோதும் பதற்றம் குறைவது தெரிந்தது. ஆனால் தினசரி அளவு 2 கிராமைத் தொட்டால்தான்.

நம் அடுக்களைக்கு வருவோம். சூரியகாந்தி, கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றிலும் ஒமேகா-3 பேருக்குத்தான். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுவே. ஆனால் மூளைக்கு வேண்டிய டிஎச்ஏ என்ற ஒமேகா-3 வகையாக அதை உடல் மாற்றிக்கொள்வது சொற்பம். தாளிக்கவும் அந்த எண்ணெய் லாயக்கில்லை, சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் டிஎச்ஏ நேரடியாகவே கிடைக்கிறது.

ஆக, குறை நல்லெண்ணெயில் இல்லை, தட்டில் ஒமேகா-3 இல்லாததில்தான். லினோலிக் அமிலத்தைக் கூட்டினால் உடலில் அழற்சி பெருகும் என்ற வாதமும் மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் நிற்கவில்லை. செக்கு எண்ணெயைக் கொட்டிவிட வேண்டாம். மீன் சாப்பிடுபவர்கள் வாரத்தில் ஓரிரு நாள் மத்திக் குழம்பு வையுங்கள். பதற்றத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும், மீனையோ எண்ணெயையோ நம்பி, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.