குமுளி மலையில் இரண்டு அருவிகள்

கம்பத்தில் பஸ் ஏறிக் குமுளிக்குப் போகிறவர்கள் கூடலூர் தாண்டும் வரையில் ஊர்க் கதை பேசுவார்கள். திராட்சை விலை, வாழை விலை, பெண்ணுக்கு வரன் ஆகிய மூன்று விஷயங்களும் தீர்வதற்குள் லோயர் கேம்ப் வந்துவிடும். அதற்குமேல் பேச்சு நின்றுவிடும். மலையின் அழகில் மயங்கித்தான் ஜனங்கள் மௌனமாகிறார்கள் என்று நாம் வெகு காலம் எண்ணியிருந்தோம். பிறகுதான் தெரிந்தது, முதல் வளைவு திரும்பியதும் இஞ்சின் போடுகிற கூச்சலில் பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழுவதில்லை என்பது.

சென்ற முறை நாம் போனபோது நமக்கு முன் ஆசனத்தில் ஒரு மூதாட்டியும் எட்டு வயதுப் பேரனும் உட்கார்ந்திருந்தார்கள். பையன் ஜன்னலை விட்டுத் தலையை எடுக்கவே இல்லை.

"ஏன் அப்பத்தா, பஸ்ஸு இப்படிக் கத்துது?"

"மலை ஏறுறதுன்னா சும்மாவாய்யா? நீ ஏறிப் பாரு, நீயும் கத்துவே."

சற்று நேரத்தில் மலைச் சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள் தென்பட்டன. அவை எதற்கு என்று கேட்டான். "தண்ணி கீழே எறங்குதுல்ல, அதை வச்சுக் கரண்டு எடுக்குறாக" என்றாள் கிழவி. பையன் கொஞ்சம் யோசித்தான்.

"தண்ணி எறங்குனாக் கரண்டு வருது. சரி, பஸ்ஸு ஏறுதே, அதுக்கு எது எறங்குது?"

கிழவி பதில் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. பௌதிக சாஸ்திரத்தில் மிகப் பெரிய கேள்விகளில் ஒன்றை அந்தப் பிள்ளை மூன்றாவது வளைவில் கேட்டுவிட்டான். வாசகர்களில் சிலர் இஞ்சின் என்றால் கறுப்பு எண்ணெயும் கரடுமுரடான சப்தமும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்ட எண்ணலாம். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

முதலில் குழாய்களைப் பார்ப்போம். அரபிக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் அணை கட்டினார்கள். காய்ச்சலுக்கும் காட்டுக்கும் பலியான கூலியாட்கள் அநேகர். தேங்கிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் அந்த நீர் மலையிலிருந்து சும்மாவே விழுந்துகொண்டிருந்தது. 1950-களின் இறுதியில்தான் லோயர் கேம்பில் மின்சார நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. அங்கே அமைந்த யந்திரங்கள் நான்கு, ஒவ்வொன்றும் 35 மெகாவாட்; பிற்பாடு அவற்றைப் புதுப்பித்துச் சக்தியை இன்னும் உயர்த்தினார்கள்.

நீர் இறங்கும் உயரம் 1,200 அடிக்கு மேல். 1,200 அடி என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. ஒரு டன் நீர், அதாவது ஆயிரம் லிட்டர், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது தருகிற சக்தி கிட்டத்தட்ட மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட். நம் வீட்டுக் கூடத்தில் ஒரு மின்விசிறி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சுற்ற வேண்டுமானால் ஒரு டன் தண்ணீர் மலையிலிருந்து குதிக்க வேண்டும்! நீர் குறைவதும் இல்லை, தேய்வதும் இல்லை. உயரத்தை மட்டுமே இழக்கிறது. இழந்த உயரம் சக்கரத்தைச் சுற்றுகிறது.

இனிப் பஸ்ஸுக்கு வருவோம். பையன் கேட்ட கேள்வியை ஏறக்குறைய அதே உருவத்தில் 1824-ஆம் வருஷத்தில் ஒரு பிரெஞ்சு இளைஞர் கேட்டார். சாதி கார்னோ என்பது அவர் பெயர், வயது இருபத்தெட்டு. நீராவி யந்திரம் இங்கிலாந்தில் சக்கைப் போடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அது எப்படிச் செய்வது என்பது கொல்லர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. அது ஏன் ஓடுகிறது என்பது மட்டும் பண்டிதர்களுக்கும் தெரியவில்லை. கார்னோ சொன்ன விடை இது: நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விழுவதுபோல உஷ்ணம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு விழுகிறது; அந்த வீழ்ச்சியின் நடுவே சக்கரத்தை வைத்தால் அது இஞ்சின். அருவிக்கு உயரம் எப்படியோ அப்படி இஞ்சினுக்கு உஷ்ண வித்தியாசம். எரிவது நிலக்கரியா, பெட்ரோலா, விறகா என்பது இரண்டாம் பட்சம்.

கார்னோவின் நூலை அன்று யாரும் அதிகமாகச் சீந்தவில்லை. எட்டு வருஷத்தில், 36-ஆம் வயதில், காலரா அவரைக் கொண்டுபோயிற்று.

எரிவது எதுவானாலும் சரிதான் என்பதை நம் நாட்டார் யுத்த காலத்தில் அனுபவித்தே அறிந்தார்கள். 1939-இல் மூண்ட உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, தமிழ்நாட்டு பஸ்களின் பின்புறத்தில் ஒரு பெரிய உலையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை அரைகுறையாக எரித்து, கிளம்பும் வாயுவைக் குழாய் வழியே இஞ்சினுக்குள் செலுத்தினார்கள். இஞ்சின் முகம் சுளித்ததே தவிர ஓடத்தான் செய்தது. ஏற்றம் வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாதி டிக்கெட்டு வாங்கிய குழந்தைகள் பாதிதான் தள்ளினார்களா என்பது தெரியவில்லை.

இஞ்சினுக்குள் உஷ்ண அருவி எப்படி விழுகிறது? ஒரு பக்கம் மூடிய உருக்குக் குழல், அது சிலிண்டர். அதற்குள் மேலும் கீழும் ஓடும் அடைப்பு, அது பிஸ்டன். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. மேலே ஏறும்போது அந்தக் காற்றை நசுக்குகிறது. எரிபொருள் பற்றிக்கொண்டு வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே உதைக்கிறது. மறுபடி ஏறும்போது பிஸ்டன் புகையை வெளியே தள்ளுகிறது. நாலு அடிக்கு ஒரு உதைதான் பயன். மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்கான ஏற்பாடு. 1876-இல் இந்த நாலடி முறையை ஜெர்மனியில் ஓட்டோ என்பவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

பஸ்ஸிலும் லாரியிலும் இருப்பது டீசல் இஞ்சின். இதில் தீப்பொறிக்கு வேலையே இல்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்கள் பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்திருப்பார்கள். காற்றை நசுக்கினால் சூடேறும். டீசல் இஞ்சின் காற்றைப் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழாக நசுக்குகிறது. அதன் உஷ்ணம் 500 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சமயம் பார்த்து எண்ணெயைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்கிறது. 1897-இல் ருடால்ப் டீசல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக் காட்டிய இஞ்சின், எண்ணெயின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றிற்று. அன்றைய நீராவி இஞ்சின்கள் பத்துப் பங்கை எட்டவே மூச்சு வாங்கின.

டீசலுக்கு அந்த வெற்றி எப்படிக் கிடைத்தது? கார்னோ சொன்னபடி அருவியின் உயரத்தைக் கூட்டியதால்தான். நன்றாக நசுக்கிய காற்றில் எரியும் வாயுவின் உஷ்ணம் 2,000 டிகிரியை எட்டுகிறது. அங்கிருந்து விரிந்து, வேலை செய்து, 400, 500 டிகிரியில் புகைக் குழாய் வழியாக வெளியேறுகிறது. அதோடு முடிந்துவிட்டது என்று விடாமல், இக்காலத்து பஸ் இஞ்சின்களில் வெளியேறும் புகையின் பாதையிலும் ஒரு சிறு சக்கரத்தை வைத்து, அதைக் கொண்டு உள்ளே செல்லும் காற்றை அமுக்குகிறார்கள். டர்போ என்பது அதுதான். அருவி விழுந்த பிறகும் அடியில் இருக்கும் சிறு பள்ளத்தை வீணாக்காத குடியானவன் புத்தி.

இருந்தும் நல்ல டீசல் இஞ்சின் நூற்றுக்கு 35 முதல் 40 வரையில்தான் பயன்படுத்துகிறது. பாக்கி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் காற்றில் கலக்கிறது. தன் தேவைக்கான கச்சா எண்ணெயில் பெரும்பகுதியைக் கப்பலில் தருவித்துக்கொள்கிற தேசம் இது. வாங்கியதில் பாதிக்கு மேல் ஊர்க் காற்றைச் சூடாக்கப் போகிறதே என்று நெஞ்சு பதைக்கிறது. ஆனால் ஒரு பங்கை விட்டுத்தான் ஆக வேண்டும். லோயர் கேம்ப் சக்கரத்தைச் சுற்றிய நீரை வெளியே விடாமல் அங்கேயே தேக்கினால் சக்கரம் நீரில் மூழ்கி நின்றுபோகும். உஷ்ணமும் அப்படியே, விழுந்தது வெளியேறினால்தான் அடுத்தது விழும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. லோயர் கேம்ப்பை விட்டுப் புறப்படும் நீர் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல் வயலுக்குப் பாய்கிறது. இஞ்சின் கழித்துவிடும் உஷ்ணத்துக்கு அப்படி ஒரு வயல் வாய்க்கவில்லை.

கார்னோவின் உவமையில் ஒரு பிசகு இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். நீரைப் போலவே உஷ்ணமும் குறையாமல் முழுதாகக் கீழே வந்து சேர்கிறது என்று அவர் எண்ணினார். அப்படி இல்லை, ஒரு பங்கு உஷ்ணம் வேலையாகவே உருமாறிவிடுகிறது. 1840-களில் ஜூல் என்ற ஆங்கிலேயர் இதை நிலைநாட்டினார். வேலை உஷ்ணமாவதும் உண்டு என்று காட்டியவரும் அவரே. அவர் கணக்குப்படி நம் சுருளி அருவியின் 150 அடி வீழ்ச்சியில் தண்ணீர் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சூடேற வேண்டும். அங்கே குளித்து நடுங்கியவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

பையனின் முதல் கேள்விக்கும் பதில் பாக்கி இருக்கிறது: பஸ் ஏன் கத்துகிறது? பெரிய பாறையைக் கடப்பாரையால் நெம்புகிறவன் கையை ஒரு கஜம் இறக்கினால் பாறை ஓர் அங்குலம் நகரும். கியரும் கடப்பாரைதான். ஏற்றத்தில் டிரைவர் சின்ன கியருக்கு மாற்றினால் இஞ்சின் பல தடவை சுற்றிச் சக்கரத்தை ஒரு தடவை சுற்றுகிறது. வேகத்தைக் கொடுத்து பலத்தை வாங்கும் பண்டமாற்று அது. பலமுறை சுற்றுவதால் பல உதைகள், பல உதைகளால் கூச்சல்.

ஆட்களுடன் பஸ்ஸின் எடை 12 டன் என்று கொள்வோம். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏற்றம் ஏறக்குறைய 400 மீட்டர். அதைத் தூக்கிவைக்க 13 யூனிட் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் உஷ்ணம் 10 யூனிட். அதில் நமக்குக் கிடைப்பது மூன்றரை. ஆகையால் தூக்குவதற்கு மட்டும் நாலு லிட்டர்.

குமுளியில் நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸுக்குள் அந்த 13 யூனிட்டும் உயரமாகச் சேமிப்பில் இருக்கிறது. திரும்பி இறங்கும்போது அதை எங்கேயாவது செலவழித்தாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் முழுவதும் பிரேக்கில் உஷ்ணமாகும். அந்த உஷ்ணம் 160 லிட்டர் பச்சைத் தண்ணீரை, பத்துக் குடத்துக்குக் குறையாமல், கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரும். அதைச் சில இரும்புத் தகடுகள் ஆறேழு கிலோமீட்டருக்குள் தாங்க வேண்டும். சூடேறிய பிரேக்கின் பிடிமானம் குறையும். கார்களில் பிரேக் எண்ணெயே கொதித்துக் குமிழி கட்டிவிட்டால், மிதித்த கால் பஞ்சில் மிதித்ததுபோலத் தரை வரைக்கும் போகும்.

இதற்கு மாற்று இஞ்சினிடமே இருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கினால், இஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாகச் சக்கரம் இஞ்சினைச் சுற்றுகிறது. பிஸ்டன்கள் காற்றை நசுக்கியும் தள்ளியும் அந்தச் சக்தியைக் குடிக்கின்றன. உஷ்ணம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக் குழாய் வழியாகவும் போய்விடுகிறது. மலைக்குப் போகும் பஸ்களில் புகைக் குழாயையே அடைத்து இஞ்சினை இன்னும் திணறச் செய்யும் தனி பிரேக்கும் உண்டு. எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் வண்டியை உருட்டுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இக்காலத்து இஞ்சின், கியரில் இறங்கும்போது எண்ணெயை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளக் கொஞ்சம் குடிக்கிறது. ஆகவே அந்த மிச்சமும் பொய்.

2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய கார் ஒன்று இந்தச் சாலையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் மாண்டார்கள். அந்த விபத்தின் காரணத்தை ஆராய்வது நம் வேலையல்ல. ஆனால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் இதுவரை மலையே கண்டிராத டிரைவர்கள், தூக்கம் இல்லாத கண்களோடு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இந்த வளைவுகளில் இறங்குகிறார்கள் என்பதை அறிவோம்.

அன்று மாலை நாம் திரும்பிய பஸ்ஸின் டிரைவர், இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாவது கியருக்கு மாற்றிவிட்டார். பின்னால் வந்த ஒரு கார் பொறுமையிழந்து ஹாரன் அடித்து, சத்தமே இல்லாமல் நம்மைக் கடந்து சென்றது. நாலு வளைவு தாண்டி அதே கார் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. முன் சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை. ஓர் இளைஞர் கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு குனிந்தார். நம் டிரைவர் பஸ்ஸை மெதுவாக்கி ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"தண்ணிய ஊத்திராதீக தம்பி, தகடு கோணிப் போகும். அரை மணி நேரம் சும்மா நிக்கட்டும். அப்புறம் கியரைப் போட்டு மெள்ள வாங்க."

காரிலிருந்து இறங்கிய சிறு பெண் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். அவள் தாய் வெடுக்கென்று அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நம் பஸ் முனகிக்கொண்டே குழாய்களைக் கடந்து லோயர் கேம்புக்கு இறங்கிற்று.