வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள்: பெற்றோர் பராமரிப்பும் எமது ஊர்களும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வரும் பெருந்தெருவில் மட்டக்களப்பு மாவட்டம் பெரியகல்லாற்றோடு முடிகிறது. அதைத் தாண்டினால் பெரியநீலாவணை, அடுத்தது மருதமுனை. பெரியகல்லாறு தமிழ் ஊர், மருதமுனை முஸ்லிம் ஊர். இடையில் மாவட்ட எல்லையும் இருக்கிறது. ஆனாலும் வயதான தாய் தகப்பனை யார் பார்ப்பது என்ற விடயத்தில் இரண்டு ஊர்களுக்கும் வழக்கம் ஒன்றுதான்: வீடு மகளுக்கு, ஆகவே பெற்றோரும் மகளுக்கு.

கிழக்குக் கரை முழுதும் உள்ள வழக்கம் இது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் இளைய பிள்ளைகளோடு அதே வளவிலோ பக்கத்திலோ இன்னொரு வீட்டுக்கு மாறுவார்கள். கடைசியாக எஞ்சும் வீடு கடைசி மகளுக்குரியது, அங்கேதான் அவர்களது முதுமை கழியும். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தமிழர் முஸ்லிம்கள் இரு சாராரிடமும் இம்முறை இருப்பதை 2008இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சீதன வீட்டைப் பற்றி நாம் ஆயிரம் விவாதம் செய்கிறோம். அந்த வீட்டோடு சேர்த்து எழுதாமலே கைமாறும் பராமரிப்புப் பொறுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த ஏற்பாடு ஒரு காலத்துக்குச் சரியாக இருந்தது. இன்று கணக்கு மாறிவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். அந்தப் பங்கு அதன் பின் கூடியே வந்திருக்கிறது. முன்பு பாரிசவாதம் வந்து விழுந்தவர் மாதக்கணக்கில் மவுத்தாகிவிடுவார். இப்போது கிளினிக் மருந்தின் உதவியோடு எட்டு, பத்து வருடம் படுக்கையில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். பார்க்க வேண்டிய மகளோ ஆசிரியையாகவோ எழுதுவினைஞராகவோ காலை ஏழு மணிக்கு வெளிக்கிடுபவள். அல்லது கட்டாரில் வேறொருவர் வீட்டுச் சமையலறையில் நிற்பவள். அதுவும் இல்லாவிட்டால் அவளுக்கே 60 வயது, முழங்கால் வருத்தம்.

பெரியகல்லாற்றில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். பகலுக்கு ஒரு பெண், இரவுக்கு ஒரு பெண் என்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு கொப்பி தொங்கும். எந்த நேரம் எந்தக் குளிசை, சீனி எவ்வளவு, எப்போது புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் அதில் இருக்கும். மூத்த மகன் ஒவ்வொரு இரவும் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்ப்பாராம். எங்கள் ஊரில் அதே நிலையில் கிடக்கும் எத்தனையோ உம்மாமாரின் வீட்டில் அப்படியொரு கொப்பி கிடையாது. காரணம், வீட்டில் மகள் இருக்கிறாள். மகள் இல்லாத வீடு மகள் இருக்கும் வீட்டைவிட ஒழுங்காகிவிட்டது!

"எங்கட உம்மாவ வேற ஆள் பாக்கிறதா? ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்பார்கள். எமது சமூகத்தில் முதியோர் இல்லம் இல்லை என்று மேடைகளில் பெருமையாகச் சொல்வதும் உண்டு. அது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையை இரவு பகலாகத் தூக்கிச் சுமப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெண். அவளது சகோதரர்கள் பெருநாளைக்கு வந்து கையில் காசு வைத்துவிட்டுப் போவார்கள்.

மார்க்கச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? ஷாபிஈ மத்ஹபில், வசதியில்லாத பெற்றோரின் செலவு ஆண், பெண் என்ற வேறுபாடின்றி வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கதீப் ஷிர்பீனியின் 'முஃக்னில் முஹ்தாஜ்' அந்தச் செலவுக்குள் உணவு, உடை, இருப்பிடத்தோடு வைத்தியர் கூலியையும் மருந்து விலையையும், நோயாளிக்குத் தேவையென்றால் பணியாளின் செலவையும் சேர்க்கிறது. கூலிக்கு ஆள் வைப்பது கடமையைத் தட்டிக்கழிப்பது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அன்பும் பேச்சும் பிள்ளையுடையதாக இருக்க, உடம்பைத் தூக்கிப் புரட்டும் வேலை பழகியவர் கையில் இருப்பதில் குற்றமில்லை.

நாட்டுச் சட்டத்திலும் ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் கைவிட்டால் காதி நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதியாரிடம் தாபரிப்புக் கேட்கக்கூடியது மனைவிக்கும் பிள்ளைக்கும்தான், பெற்றோருக்கு அல்ல. பெற்றோருக்குரிய வழி 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது என்று அது பிள்ளைகளுக்குக் கடமை விதிக்கிறது. அதன்கீழ் அமைந்த முதியோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட்டு மாதப் பணம் கேட்கலாம். எல்லா இனத்தவருக்கும் பொதுவான ஏற்பாடு அது.

அதற்கும் மற்ற உதவிகளுக்கும் வாசல் பிரதேச செயலகம்தான். பெரியகல்லாற்றுக்காரர் களுவாஞ்சிக்குடியிலுள்ள மண்முனை தென் எருவில் பற்றுச் செயலகத்துக்குப் போக வேண்டும், மருதமுனைக்காரர் கல்முனைக்கு. அங்கே முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். 60 வயதைக் கடந்தவருக்கு முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம், வைத்தியசாலை வரிசையில் அது உதவும். 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு மாதக் கொடுப்பனவு உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். பராமரிப்புக்கு ஆள் வைக்க அது போதாது. பம்பர்ஸ் வாங்கவே சரியாகிவிடும்.

வைத்தியத்தைப் பொறுத்தவரை எமக்குக் குறைவில்லை. களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் ஆதார வைத்தியசாலைகள், மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை. அவசரத்துக்கு 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். குறை எங்கே என்றால், நோயாளி வீட்டுக்கு வந்த பிறகுதான். கருவுற்ற தாயின் வீட்டுக்கு மருத்துவ மாது ஒழுங்காக வருகிறார். படுக்கையில் கிடக்கும் தாயின் வீட்டுக்கு அதே ஒழுங்கோடு வர யாருமில்லை.

ஆகவே டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் முன்னரே வார்டில் வைத்துக் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது எப்படி, மூக்குக் குழாயால் உணவு கொடுக்கும்போது தலையை எவ்வளவு உயர்த்துவது, சலப் பையை எப்படி மாற்றுவது, கை கால் பயிற்சி எப்படிக் கொடுப்பது. தாதியிடமும் பிசியோதெரபி செய்பவரிடமும் கேட்டால் காட்டித் தருவார்கள். வெட்கப்பட்டு நிற்பவருக்கு ஒருவரும் தேடிவந்து சொல்லமாட்டார். படுக்கைப் புண் ஒன்று வந்துவிட்டால் அதை ஆற்ற மாதக்கணக்காகும்.

மறதி நோய்க்கு இன்னொரு தடை எமது மொழியிலேயே இருக்கிறது. "வாப்பாக்கு அறளை பேந்திட்டு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அறளை நல்ல பழைய சொல், ஆனால் அது நோயை வயதாக மாற்றிவிடுகிறது. திடீரென்று தடுமாறுபவருக்குச் சிறுநீர்க் கிருமித் தொற்றோ உப்புக் குறைவோ இருக்கலாம், அது மருந்தில் மாறும். மெல்ல மெல்லக் கூடிவருவது டிமென்சியாவாக இருக்கலாம். உளநலக் கிளினிக்கில் காட்ட வேண்டும். "பைத்திய கிளினிக்கா?" என்று முகம் சுளிப்பவர்களிடம் என்ன சொல்வது!

ஆள் வைப்பதென்றால் யாரை? பராமரிப்பாளர் வேலைக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. இருக்கிறது. ஆனால் பயிற்சி முடித்த பிள்ளைகள் ஜப்பான் போன்ற நாடுகளுக்குப் போகவே பார்க்கிறார்கள். அங்கே உள்ள சம்பளத்துக்கு அது நியாயமும்தான். ஊரில் கிடைப்பவர் பெரும்பாலும் அனுபவத்தால் பழகியவர். அவரிடம் சான்றிதழைவிட முதலில் கேட்க வேண்டியது, இதற்கு முன் யாரைப் பார்த்தார் என்பது. அந்த வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். வேலை எது, வேலையில்லாதது எது என்று முதலிலேயே பேசுங்கள். நோயாளியைப் பார்க்க வந்தவரை முழு வீட்டுக்கும் சமைக்கவும் உடுப்புத் துவைக்கவும் வைத்துவிட்டு, ஒரு மாதத்தில் ஓடிவிட்டாள் என்று குறைசொல்லும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் லீவும், அந்த நாளுக்கு மாற்று ஆளும் வேண்டும். அந்த நாளை ஆண்மக்கள் எடுக்கலாம். வாப்பாவைக் குளிப்பாட்டிக் கழுவுவதற்கு ஆண் உதவியாளர் கிடைப்பது எமது பக்கத்தில் மிகக் கஷ்டம். மகள் அந்தச் சங்கடத்தோடு செய்வாள், மகன் வாசலில் நிற்பான்.

காசு கொடுத்து ஆள் வைக்க முடியாதவர்களுக்கு? இதற்குக் கேரளத்தில் ஒரு விடை உண்டு. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரண, தணிப்புப் பராமரிப்புப் பணி, 2000ஆம் ஆண்டையொட்டி முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தின் ஊர்களில் அயலவர் அமைப்புகளாக வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய சாதாரண மனிதருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் தாதியோடு வீடு வீடாகப் போனார்கள். பெரும்பகுதிச் செலவு ஊரவர் கொடுத்த சிறு சிறு காசு. 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது.

மருதமுனையிலும் சரி பெரியகல்லாற்றிலும் சரி, ஓய்வுபெற்ற தாதியரும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பள்ளிவாசலில் ஜனாஸா குளிப்பாட்டும் பலகையும் சந்தூக்கும் வைக்க ஒரு அறை இருக்கிறது. அதே அறையில் இரண்டு சக்கர நாற்காலியும் நாலைந்து காற்று மெத்தையும், எது யார் வீட்டில் இருக்கிறது என்று எழுத ஒரு கொப்பியும் வைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமையே தொடங்கலாம். மெத்தைகளைச் சக்காத் காசில் வாங்கலாமா, சதகாவில்தான் வாங்க வேண்டுமா என்பதை உலமாக்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.