ஆட்டம் காண்பார் இயல்பு

ஆட்டம் ஆடுவோரைப் பற்றி எழுதினோர் பலர். அதனைக் காண்போரைப் பற்றி எழுதினோர் சிலரே. களத்தினுள் இறங்கியோர் இருபத்திருவராயின், களத்தைச் சூழ்ந்திருப்போர் பல்லாயிரவர். ஆடுவோர்க்கு வெற்றியும் தோல்வியும் உரியன; அவற்றால் அவர் மகிழ்தலும் வருந்துதலும் இயல்பே. பந்தைக் கையால் தொடுதலும் செய்யாத காண்போர் அழுதலும் நகுதலும் வெகுளலும் என்னை? ஆசிரியர் தொல்காப்பியனார் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளும் ஒரு மாலைப் பொழுதிலே, ஒருவன் முகத்திலே, ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றக் காண விரும்புவோர், விளையாட்டரங்கிற்குச் சென்று களத்தை நோக்காது அருகிருப்போன் முகத்தை நோக்குவாராக.

ஆட்டம் காண்போரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தலாம். எந்நாட்டில் எவ்வாட்டம் நடப்பினும் அதனைத் தேடியறிந்து, ஆடுவோர் ஒவ்வொருவரும் எடுத்த எண்ணிக்கைகளை நாவின் நுனியில் வைத்திருப்போர் தலையாயவர். ஆட்டம் என்ற சொற்கேட்டதும் அவ்விடம் விட்டு அகல்வோர் கடையாயவர். இவ்விரு திறத்தார்க்கும் இடையே நிற்போரே தொகையால் மிக்கவர். அவர்க்குப் பெரும்பாலான ஆட்டங்கள் நடப்பினும் ஒன்று, நடவாவிடினும் ஒன்று. ஆயினும் ஏதோ ஒன்றிரண்டில் மட்டும் அவர் நெஞ்சம் தலையாயவர் நெஞ்சினும் மிகுதியாகக் கனலும். அவ்விடையாயவர் இயல்பையும் அதன் காரணத்தையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். யானும் அவருள் ஒருவன்.

எம் விடுதித் தோழர் இவ்வினத்தாரை மதிப்பதில்லை. இறுதிப் போட்டியன்று மட்டும் முன்வரிசையில் வந்தமர்ந்த என்னை நோக்கி, "கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் ஆலயத்திற்கு வரும் சபையார் போன்றவன் நீ" என்றார் ஒருவர். அவையோர் நகைத்தனர், யானும் நகைத்தேன். ஆனால் அச்சொல் நெடுநாள் என் உள்ளத்தில் தங்கிற்று. பலவற்றைப் புறக்கணித்துச் சிலவற்றை மட்டும் நேசிப்பவன் அன்பு போலியன்போ என்னும் ஐயம் அன்று எழுந்தது.

முதற்கண், பலவற்றில் பற்று இல்லாமை குற்றமாகுமா என்பதை நோக்குவோம். ஒவ்வோர் ஆட்டமும் ஒரு மொழியை ஒக்கும். அதற்குத் தனி இலக்கணம் உண்டு. கால்பந்தாட்டத்தில் 'ஆஃப்சைடு' என்பதனை அறியாதான், அழகியதொரு கோல் மறுக்கப்பட்டபோது நடுவர்மீது வெகுள்வான். கிரிக்கெட்டில் காலில் பட்ட பந்திற்கு ஒருவர் ஏன் வெளியேற வேண்டும் என்பதனை அறியாதான், ஆரவாரத்தினிடையே திகைத்து நிற்பான். மொழியறியாதான் காதிற்குக் கவிதையும் ஓசையே. எல்லா மொழியையும் கற்க ஒருவர்க்கு வாழ்நாள் போதாதது போல, எல்லா ஆட்டத்தையும் கற்கவும் போதாது. ஆதலின் பலவற்றில் பற்றின்மை இழுக்கன்று. வாழ்நாளின் சுருக்கமே அதற்குக் காரணம்.

இவ்வியல்பு இக்காலத்தில் தோன்றியதும் அன்று. முல்லைக்கலியில் ஏறுதழுவலைக் கூறும் செய்யுட்களைக் காண்க. ஆயமகளிர் பரண்மீது ஏறி நிற்கின்றனர். பல நிறத்து ஏறுகள் தொழுவினின்று பாய்கின்றன. பொதுவர் பலர் அவற்றின்மேல் வீழ்கின்றனர். சிலர் கொம்பினாற் குத்துண்கின்றனர். தோழி அனைத்தையும் தலைவிக்குச் சுட்டிக் காட்டுகின்றாள். தலைவியின் நெஞ்சமோ ஒருவனையே நாடி நிற்கின்றது. களம் முழுதும் அவள் கண்ணெதிரே கிடப்பினும், அவளுக்கு ஆட்டம் என்பது அவ்வொருவனே. அவளைப் போலி இரசிகை என்று உரைப்பார் உளரோ?

அங்ஙனமாயின், அச்சில ஆட்டங்கள் நம்மைப் பிணிப்பது எவ்வாறு? என் சிற்றறிவிற்கு எட்டியவரை காரணங்கள் மூன்று: உறவு, இடம், பண்பு.

உறவாவது, நமக்கு அன்புடையார் ஒருவர் கற்பித்தமையால் ஓர் ஆட்டம் இனித்தல். எனக்குச் சதுரங்கம் அத்தகையது. ஆறாவது வயதில் என் தாத்தா எனக்குக் காய்களை அறிமுகம் செய்தார். குதிரை மட்டும் ஏன் நேரே செல்லாது என்று யான் வினவியபோது, "அதற்கு மட்டுந்தான் வேலி தாண்டத் தெரியும்" என்றார். அன்று முதல் எனக்குச் சதுரங்கம் என்பது அவர் குரலோடு கலந்த ஒன்றாயிற்று. இஃது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1988-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டராகிப் பின் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற விசுவநாதன் ஆனந்தும் தம் தாயாரிடமே இவ்வாட்டத்தைக் கற்றார். அவர்க்கு முன்னரே 1961-இல் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டராகிய மானுவேல் ஆரோன், சென்னையில் சோவியத்துப் பண்பாட்டு நிலையத்தில் நடந்த தால் சதுரங்கக் கழகத்தின் வாயிலாக இளைஞர் பலர்க்கு வழி திறந்தார். ஒருவர் மற்றொருவர்க்குக் கைவிளக்கை ஏற்றித் தருதல் போல இவ்வாட்டம் இந்நகரில் பரவிற்று.

இடமாவது, நாம் வாழும் மண்ணோடு ஓர் ஆட்டம் பின்னிக் கிடத்தல். பிற ஊர்களில் நடக்கும் கிரிக்கெட்டை யான் பொருட்படுத்துவதில்லை. சேப்பாக்கத்தில் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டம் என்றால் மட்டும் கடற்காற்று வீசும் திசையையும் கேட்டறிவேன். 1934-இல் முதல் டெஸ்ட் ஆட்டத்தைக் கண்டது அவ்வரங்கம். 1952-இல் வினூ மன்கட் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேயே. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய ஆட்டம் இருவர்க்கும் வெற்றி தோல்வியின்றிச் சமமாய் முடிந்தது. அதற்குமுன் டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்தது 1960-இல் பிரிஸ்பேன் நகரில் ஒருமுறையே. அவ்வெயிலில் டீன் ஜோன்ஸ் உடல் நலிந்து வாந்தியெடுத்தும் 210 ஓட்டங்கள் எடுத்ததை, நேற்று நிகழ்ந்ததுபோல இவ்வூர் முதியோர் கூறுவர்.

பண்பாவது, ஆட்டத்தை அறியாவிடினும் ஆடியவர் ஒழுக்கத்தால் ஈர்க்கப்படுதல். ஓட்டப் பந்தயத்தில் எனக்கு நாட்டமில்லை. ஆயினும் ஸ்காத்லாந்தியர் எரிக் லிட்டெல் வரலாற்றைப் பன்முறை படித்துள்ளேன். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் முதற்சுற்று ஓய்வுநாளில் அமைந்தமையால், அதில் ஓட அவர் மறுத்தார். தமக்குரிய பந்தயத்தைத் துறந்து, நானூறு மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் வென்றார். மறு ஆண்டே ஊழியத்தின் பொருட்டுச் சீனம் சென்று அங்குள்ள கல்லூரியொன்றில் ஆசிரியரானார். போர்க்காலத்தில் சப்பானியரால் வெய்சியன் முகாமில் அடைக்கப்பட்டு, அங்கிருந்த சிறார்க்குப் பாடமும் விளையாட்டும் கற்பித்து, 1945 பிப்ரவரியில் நாற்பத்து மூன்றாம் வயதில் அங்கேயே உயிர்நீத்தார். பந்தயச்சாலையை உவமையாக்கிக் கொரிந்தியர்க்கு எழுதிய அப்போஸ்தலனாகிய பவுலின் கருத்து, லிட்டெல் வரலாற்றைப் படித்த பின்னரே எனக்கு நன்கு விளங்கிற்று.

இனி, இவ்வன்பிற்கு ஒரு தீங்கும் உண்டு. பற்று மிகுந்தவிடத்துப் பகையும் முளைக்கும். 1996 மார்ச்சு 13-ஆம் நாள் கொல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதி நடந்தது. இந்தியா 120 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளை இழந்து தோல்வியின் வாயிலில் நின்றபோது, காண்போர் சிலர் புட்டிகளை எறிந்தனர். இருக்கைகளுக்குத் தீ மூட்டினர். ஆட்டம் நின்றது; வெற்றி இலங்கைக்கு அளிக்கப்பட்டது. அங்குக் குறைவாய் இருந்தது அன்பன்று. அன்பிற்குக் கரையே இல்லாதிருந்தது.

இதற்கு மறுதலையான காட்சி மூன்றாண்டின் பின் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது. 1999 சனவரி 31-ஆம் நாள் பாக்கிஸ்தானை எதிர்த்து இந்தியா 271 ஓட்டங்கள் எடுக்கவேண்டியிருந்தது. ஐந்து விக்கெட்டுகள் 82 ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன. முதுகு வலியைப் பொறுத்து நின்று டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். இன்னும் பதினேழே வேண்டும் என்னும் நிலையில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் அவர் வீழ்ந்தார். எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் மாய்ந்தன. பன்னிரண்டு ஓட்டங்களில் தோல்வி. சிறிதுபோது அரங்கம் பேச்சற்றது. பின்னர் மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். வென்ற பாக்கிஸ்தான் வீரர் களத்தைச் சுற்றி ஓடிவந்து அவ்வாழ்த்தை ஏற்றனர். அவ்வாண்டின் இடையிலேயே இரு நாட்டிற்கும் கார்கிலில் போர் மூண்டது என்பதை நினைக்குங்கால், அந்தக் கைதட்டலின் அருமை விளங்கும்.

என் தாத்தா அன்று அவ்வரங்கில் இருந்தார். இக்கதையை அவர் பலமுறை கூறக் கேட்டிருக்கின்றேன். ஒவ்வொரு முறையும் முடிவில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார். "எல்லோரும் உடனே எழுந்தார்கள் என்று பத்திரிகையில் எழுதுவார்கள், தம்பி. நான் எழவில்லை. எனக்குக் கோபம். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தொட்டு, 'அவர்களும் நன்றாகத்தானே ஆடினார்கள், எழுந்திருங்கள்' என்றார். பிறகே எழுந்தேன்." இதனைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிறிது நாணம் தோன்றும். தமக்குப் பெருமை தராத பகுதியை மறையாது உரைத்தமையாலேயே அக்கதை என் உள்ளத்தில் பதிந்தது.

2024 திசம்பர் 12-ஆம் நாள் மாலை யாங்கள் இருவரும் ஒரு கைப்பேசித் திரைமுன் அமர்ந்திருந்தோம். சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்திற்கான பதினான்காம் ஆட்டம். சென்னை இளைஞர் குகேசும், பட்டத்தை வைத்திருந்த சீனர் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளிகள் பெற்றிருந்தனர். ஆட்டம் சமநிலையில் முடியும் என்றே பலரும் எண்ணினர். ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் டிங் தம் யானையை, எதிரியின் யானையோடு மாற்றிக்கொள்ளுமாறு ஒரு கட்டத்தில் வைத்தார். அது பெரும்பிழை. யானைகள் நீங்கியதும் குகேசு மந்திரிகளையும் மாற்றிக்கொள்ள வழி கண்டார். பின்னர் அரசரும் சிப்பாய்களுமே எஞ்ச, ஒரு சிப்பாய் மிகுதியாயுடைய குகேசின் பக்கம் வெற்றி சாய்ந்தது. பதினெட்டு வயதில் உலகப் பட்டம். 1985-இல் இருபத்திரண்டு வயதில் காஸ்பரோவ் நிறுத்திய எல்லை கடக்கப்பட்டது.

யான் துள்ளிக் குதித்துக் கூவினேன். தாத்தா திரையையே நோக்கியிருந்தார். குகேசு அழுதுகொண்டே காய்களை மீண்டும் தத்தம் இடங்களில் அடுக்கிக்கொண்டிருந்தார். டிங்கோ, பட்டம் பெற்ற பின்னர் மனச்சோர்வால் வருந்தியதைத் தாமே வெளிப்படையாய்க் கூறியவர். "அந்தப் பிள்ளையையும் கொஞ்சம் பார், தம்பி" என்றார் தாத்தா. என் கூச்சல் அடங்கிற்று. அன்று குகேசு செய்தியாளரிடம் பேசியபோது டிங்கைப் புகழ்ந்துரைத்ததைக் கேட்டுத் தாத்தா தலையசைத்தார். சேப்பாக்கத்தில் அயலார் ஒருவர் அவர் தோளைத் தொட்டார். இருபத்தைந்து ஆண்டு கழித்து அவர் என் தோளைத் தொட்டார்.

தாத்தா கடந்த லெந்து நாட்களில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதன்பின் சதுரங்கம் காண மனமின்றிச் சில திங்கள் இருந்தேன். உறவினால் வந்த அன்பு உறவோடே ஒழியுமோ என்று அஞ்சினேன். ஒழியவில்லை. விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர், குதிரை ஏன் நேரே செல்லாது என்று என்னை வினவினார். அவர்க்கு விடை கூறுகையில் என் வாயில் வந்தது தாத்தாவின் சொல்லே.

ஆகவே, சிலவற்றை மட்டும் நேசிப்போர் அன்பு போலியன்று. ஆட்டங்கள் பல, அவற்றுள் சிலவற்றின் வாயிலில் மட்டுமே நமக்கு அன்புடையார் ஒருவர் நின்று கைப்பிடித்து உள்ளே அழைக்கின்றார். எத்தனை ஆட்டம் கண்டோம் என்பது நம் அன்பின் அளவுகோல் ஆகாது. நாம் விரும்பியவர் தோற்றவிடத்தும் எழுந்து நின்றோமா என்பதே அளவுகோல். பண்டிகை நாளில் மட்டும் ஆலயத்திற்கு வருவோனையும் வாயிற்காப்போர் துரத்துவதில்லை. உள்ளே வந்தவன் உண்மையாய் முழந்தாளிடுகின்றானா என்பதை ஆண்டவர் அறிவார். என்னை எள்ளிய தோழர்க்கு இதுவே என் விடை. அடுத்த இறுதிப் போட்டியன்றும் முன்வரிசையில் எனக்கு ஓரிடம் வைத்திருக்குமாறு அவரை அன்புடன் வேண்டுகின்றேன்.