மேட்ச்சும் நடக்கணும், கச்சேரியும் நடக்கணும்... ஒரு இன்டோர் அரங்கத்துக்கு என்னவெல்லாம் வேண்டும்?

2023 ஆகஸ்ட் 12. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி நடக்க வேண்டிய நாள். டிக்கெட் விற்றாச்சு, ரசிகர்களும் ரெடி. ஆனால், மழை கொட்டித் தீர்த்தது. திறந்தவெளி மைதானம் என்பதால் வேறு வழியில்லை. நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது.

காரைக்கால் மாவட்டம் நெடுங்காடு பக்கத்தில் இருக்கிறது குரும்பகரம். அங்கிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். கச்சேரிக்காக லீவு போட்டு, பஸ் பிடித்துக் கிளம்பும் ஒருவருக்கு, 'தள்ளிவைக்கப்பட்டது' என்ற ஒற்றை வார்த்தையின் விலை டிக்கெட் பணம் மட்டுமல்ல. போக்குவரத்து, தங்கும் செலவு, ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்ந்துதான்.

செப்டம்பர் 10-ம் தேதி கிழக்கு கடற்கரைச் சாலையில் அதே நிகழ்ச்சி நடந்தபோது என்ன ஆனது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். டிராஃபிக், நெரிசல், கையில் டிக்கெட் வைத்துக்கொண்டே வாசலோடு திரும்பிய கூட்டம். உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை.

'இவ்வளவு பெரிய ஊர்ல கூரையோட ஒரு நல்ல இடம் இல்லையா?' என்ற கேள்வி அப்போது பலருக்கும் வந்தது. பதில் கொஞ்சம் சிக்கலானது.

சென்னையில் என்ன இருக்கிறது?

இருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரியமேட்டில் ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கம். 1995 டிசம்பரில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. சுமார் 8,000 பேர் உட்காரலாம்.

இந்த ஒரே கட்டடம் பார்க்கும் வேலைகளைப் பாருங்கள். 2018-ல் புரோ கபடி சீசன் இங்குதான் தொடங்கியது. 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவும் நிறைவு விழாவும் இங்குதான். அதே ஆண்டு 'பொன்னியின் செல்வன்', 'வாரிசு' படங்களின் இசை வெளியீட்டு விழாக்கள். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழா.

ஆனால், 2023 செப்டம்பரில் இங்கே நடக்கவிருந்த 'லியோ' இசை வெளியீட்டு விழா ரத்தானது. பாஸ் கேட்டு வந்த கூட்டத்தையும் பாதுகாப்பையும் காரணமாகச் சொன்னது தயாரிப்பு நிறுவனம். அதாவது, கூரை இருக்கும் இடம் சிறியது. பெரிய இடத்துக்குக் கூரை இல்லை.

கூரை போட்டால் போதாதா?

போதாது. முதல் பிரச்சினை அளவு.

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். வாலிபால் களம் 18-க்கு 9. கூடைப்பந்துக்கு 28-க்கு 15. நடுவில் இருக்கும் தரையை எந்த விளையாட்டுக்கு ஏற்ப அமைப்பது? கூடைப்பந்துக்கு என்றால் கபடி பார்ப்பவர் ரொம்ப தூரத்தில் உட்கார வேண்டியிருக்கும். அதனால்தான் நல்ல அரங்கங்களில் கீழ் வரிசை இருக்கைகள் உள்ளே இழுத்து மடக்கும் வகையில் இருக்கும். சின்னக் களம் என்றால் இருக்கை முன்னே வரும். பெரிய களம் என்றால் பின்னே போகும்.

அடுத்தது உயரம். சர்வதேச வாலிபால் போட்டிக்குத் தரைக்கு மேலே 12.5 மீட்டர் வரை எந்தத் தடங்கலும் இருக்கக் கூடாது. கிட்டத்தட்ட நான்கு மாடி உயரம்.

மூன்றாவது பிரச்சினை பலருக்கும் தோன்றாதது: ஏசி. பேட்மின்டன் ஷட்டில்காக்கின் எடை ஐந்து கிராம் சுற்றுதான். ஏசி காற்று லேசாக அடித்தாலே அதன் பாதை மாறிவிடும். கச்சேரி ரசிகர்களுக்கோ ஏசி ஃபுல்லாக ஓட வேண்டும். ஒரே கட்டடத்தில் இரண்டும் வேண்டுமென்றால், காற்று எங்கிருந்து, எந்த வேகத்தில் வரவேண்டும் என்பதை வரைபடம் போடும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

பாட்டு ஏன் கொழகொழன்னு கேட்குது?

விளையாட்டு அரங்கத்தில் கச்சேரி கேட்டவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள். டிரம்ஸ் புரியும், வரிகள் புரியாது.

காரணம் பள்ளிக்கூட இயற்பியல்தான். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். மேடையில் இருந்து பின்சுவர் 50 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பாடகரின் குரல் அங்கே போய் மோதி, முன்வரிசைக்குத் திரும்பி வரச் சுமார் 100 மீட்டர் பயணிக்கிறது. கிட்டத்தட்ட 0.3 நொடி. அதற்குள் பாடகர் அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவார். பழைய வார்த்தையும் புதிய வார்த்தையும் ஒன்றாகக் காதில் விழும்.

விளையாட்டுக்கு இந்த எதிரொலி பலம். ஒரு ரெய்டருக்கு விழும் கைத்தட்டல் இரண்டு மடங்காகக் கேட்கும். பாட்டுக்கு அதே எதிரொலி எதிரி. தீர்வு: சுவரிலும் கூரையின் உள்பக்கத்திலும் ஒலியை உறிஞ்சும் பலகைகள், தேவைக்கு ஏற்ப இறக்கி ஏற்றும் கனமான திரைகள்.

நம்ம ஊருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வெறும் தகரக் கூரை மேல் வடகிழக்குப் பருவமழை பெய்தால் உள்ளே என்ன கேட்கும்? டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழைக்காகக் கட்டிய கூரையே மழைச் சத்தத்தால் கச்சேரியைக் கெடுத்துவிடக் கூடாது.

கூரையில் தொங்குவது என்ன?

இன்றைய பெரிய கச்சேரிகளில் ஸ்பீக்கர், லைட், எல்இடி திரை எல்லாமே மேலிருந்துதான் தொங்கும். எடை பல டன். விளையாட்டுக்காக மட்டும் போட்ட கூரை அதன் சொந்த எடையையும் விளக்குகளையும் தாங்கும், இதைத் தாங்காது. அப்போ தரையில் இருந்து இரும்புச் சாரம் எழுப்ப வேண்டும். அது பார்வையை மறைக்கும், இடத்தை அடைக்கும், கட்டிப் பிரிக்க நாள் பிடிக்கும்.

இருக்கைக் கணக்கும் மாறும். விளையாட்டு என்றால் நான்கு பக்கமும் ஆள் உட்காரலாம். கச்சேரி மேடையை ஒரு முனையில் போட்டால், அதன் பின்னால் இருக்கும் இருக்கைகள் அத்தனையும் வீண். 8,000 பேர் அரங்கம் என்று சொல்லப்படும் இடத்தில் கச்சேரிக்கும் 8,000 டிக்கெட் விற்கலாம் என்று அர்த்தமில்லை.

மற்ற ஊர்களில் எப்படி?

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடைப்பந்து அணியும் ஐஸ் ஹாக்கி அணியும் ஒரே தரையைப் பகிர்ந்துகொள்கின்றன. பனித்தளத்தின் மேல் பலகைகளை மூடி, அதன் மேல் கூடைப்பந்துத் தரையை அடுக்கிவிடுவார்கள். சில மணி நேரத்தில் களமே மாறிவிடும்.

லண்டனின் ஓ2 அரங்கம் 2007-ல் திறக்கப்பட்டது. சுமார் 20,000 பேர் கொள்ளளவு. அடிப்படையில் அது கச்சேரிகளுக்கான இடம். அங்கேயே 2009 முதல் 2020 வரை ஏடிபி ஃபைனல்ஸ் டென்னிஸும் நடந்தது. நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூர் இன்டோர் ஸ்டேடியம் 1989 முதல் இயங்குகிறது. சுமார் 12,000 பேர் உட்காரலாம்.

இந்தியாவில் கதை வேறு. கொல்கத்தாவின் நேதாஜி உள்விளையாட்டு அரங்கம் 1975 உலக டேபிள் டென்னிஸ் போட்டிக்காக வந்தது. டெல்லியின் இந்திரா காந்தி அரங்கம் 1982 ஆசிய விளையாட்டுக்காக. சென்னையில் 1995 தெற்காசியப் போட்டிக்காக. மூன்றுமே ஒரு போட்டிக்காகக் கட்டப்பட்டு, பிறகு கச்சேரிகளுக்கும் வாடகைக்கு விடப்பட்டவை. 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே இந்தியா வந்தபோதும் மேடை போடப்பட்டது நவி மும்பை, அகமதாபாத் கிரிக்கெட் மைதானங்களில்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வாசல்

2023 நவம்பர் 25. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே நெரிசல். 4 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 4. பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, ஐபிஎல் வெற்றிக் கொண்டாட்டத்துக்குத் திரண்ட கூட்டத்தில் 11 பேர் இறந்தார்கள்.

இரண்டு இடத்திலும் உயிர் போனது நிகழ்ச்சியின் நடுவே அல்ல, உள்ளே நுழையும் வழியில். கூரை இருந்தாலும் இந்த ஆபத்து தானாகப் போய்விடாது. மூடிய அரங்கத்தில் தீ, புகை என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். எத்தனை வாசல், எவ்வளவு அகலம், படிக்கட்டு எவ்வளவு செங்குத்து, வரிசை நிற்க வெளியே எவ்வளவு இடம், ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்... கூரையின் அழகை விட முக்கியமான கேள்விகள் இவைதான்.

டெல்டாவுக்கு இது தேவையா?

20,000 பேர் அரங்கம் தேவையில்லை. வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடந்தாலும் கரண்ட் பில்லும் பராமரிப்பும் நிற்காது. உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்தில் இரும்புக் கூரைக்குச் செலவு இன்னும் அதிகம்.

ஆனால், காரைக்கால், நாகை, மயிலாடுதுறை மூன்றுக்கும் பொதுவாக, சில ஆயிரம் பேர் உட்காரும் ஒரு நடுத்தர அரங்கம் என்றால் கணக்கு மாறும். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேட்மின்டன், வாலிபால் பயிற்சி. வார இறுதியில் கபடி. மாதம் ஒன்றிரண்டு இசை நிகழ்ச்சி. புயல் எச்சரிக்கை வந்தால் மக்கள் தங்க ஒரு பலமான கட்டடம். மைதானங்கள் சேறாகிக் கிடக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயிற்சி நிற்காது என்பதே ஒரு வீராங்கனைக்குப் பெரிய விஷயம்.

எந்த ஊரிலாவது புதிய அரங்கம் அறிவிக்கப்பட்டால், 'எத்தனை கோடி, எத்தனை இருக்கை' என்பதோடு நிறுத்தாமல் இந்த நான்கையும் கேளுங்கள்: கூரை எவ்வளவு எடை தாங்கும்? எதிரொலிக்கு என்ன ஏற்பாடு? வாசல்கள் எத்தனை? வருஷத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும்?

பதில் கட்டுவதற்கு முன்பே கிடைத்தால்தான் பலன். கட்டி முடித்த கூரையைப் பிரித்து மாற்ற முடியாது. 300 கிலோமீட்டர் போய் வாசலோடு திரும்பியவருக்கு அந்த நாளைத் திருப்பித் தரவும் முடியாது.