கடிக்கும் குட்டியைப் பழக்குவோம்

புதிதாக வீட்டிற்கு வந்த நாய்க்குட்டி கையையும் காலையும் கடித்துக்கொண்டே இருக்கிறதா? பெரும்பாலும் அது கோபத்தால் கடிப்பதில்லை. நாய்க்குட்டிக்கு 28 பால்பற்கள் உண்டு. ஏறத்தாழ நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கும். ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அக்காலத்தில் ஈறுகளில் உண்டாகும் வலியையும் தினவையும் தணிக்கவே குட்டி அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறது.

குட்டிகள் கூடி விளையாடும்போது ஒன்று அழுத்திக் கடித்தால், மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். வலிக்கும்படி கடித்தால் விளையாட ஆள் இருக்காது என்பதைக் குட்டி இவ்வாறு கற்கிறது. உடன்பிறப்புகளைப் பிரிந்து வந்த குட்டிக்கு இப்பாடத்தை நாமே கற்பிக்க வேண்டும்.

குட்டி கடித்தால் கையை வெடுக்கென இழுக்காதீர்கள். அசையும் கையை அது விளையாட்டுப் பொருளாக எண்ணித் துரத்தும். விளையாட்டை நிறுத்திவிட்டுச் சில நொடிகள் விலகி நில்லுங்கள். அது அமைதியானதும், கடிப்பதற்கேற்ற ரப்பர் பொம்மையைக் கொடுங்கள். நனைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த துணியும் ஈறுக்கு இதமளிக்கும். ஆனால், குட்டி அதை விழுங்கிவிடாமல் அருகிலிருந்து கவனியுங்கள். பொம்மையைக் கடிக்கும்போது பாராட்டுங்கள்.

குட்டியை அடிக்கக் கூடாது. அடிக்குப் பயந்த நாய், தன்னைக் காத்துக்கொள்ள உண்மையாகவே கடிக்கக்கூடும். மேலும், தம்பி கடிக்கவிட்டு மகிழ, அம்மா அதற்கே கண்டித்தால் குட்டி குழம்பிப்போகும். எனவே, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும்.

பல் பட்டுக் காயம் ஏற்பட்டால், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை நாடுங்கள்.

இன்று விளையாட்டாகத் தோன்றும் கடி, குட்டி வளர்ந்தபின் பிறருக்கு ஆபத்தாகலாம். அதைப் பொறுமையோடு பழக்குவது வளர்ப்பவரின் கடமையாகும்.