இரண்டே நாளில் பணிந்தது டெல்லி
பெங்களூர் ஆயத்த ஆடை ஆலைகளின் பெண்களுக்கு பி.எஃப். என்பது முதுமைக்கான பணம் அல்ல

பெங்களூரின் பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலை வட்டாரங்களில் உள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் ஒரு சட்டையை ஒருவரே தைப்பதில்லை. ஒருவர் காலர் தைக்க, அடுத்தவர் கை இணைக்க, இன்னொருவர் பட்டன் துளை போடுவார். இந்த வரிசைக்குப் பெயர் 'லைன்'. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். ஒருவர் பிந்தினால் லைனே தேங்கும். சூப்பர்வைசரின் குரல் உயரும். தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதட்டுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கழிப்பறைக்குப் போனால் டார்கெட் தவறுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு.

மதியச் சாப்பாட்டு நேரம் மட்டுமே அவர்களுடையது. டிபன் பாக்ஸ்களைச் சுற்றி கன்னடம், தெலுங்கு, தமிழ், அண்மை ஆண்டுகளில் ஒடியா, இந்தி. எந்த ஆலையில் சம்பளம் சற்றுக் கூடுதல், எங்கே சூப்பர்வைசரின் நடத்தை சரியில்லை – எல்லாம் இங்கே தெரிந்துவிடும். தொழிற்சங்கங்கள் இருந்தாலும் சேர்ந்தவர்கள் சொற்பம். பொறுக்க முடியாதபோது பலர் சண்டை போடுவதில்லை. வேலையை விட்டுவிட்டு அடுத்த ஆலைக்குப் போகிறார்கள்.

அப்போது கைக்கு வருவதுதான் பி.எஃப். சம்பளம் 7,000 ரூபாய் என்றால் 12 சதவீதமான 840 ரூபாய் பிடித்தம். முதலாளியின் பங்கும் அதே அளவு. அதில் 583 ரூபாய் பென்ஷனுக்குப் போக, 257 ரூபாய் பி.எஃப். கணக்கில் சேரும். சில ஆண்டுகளில் திரளும் தொகை பள்ளிக் கட்டணமாகும். அடகு நகையை மீட்கும். தங்கையின் கல்யாணத்துக்கு உதவும். மாதச் சம்பளத்துக்கு வீட்டில் பல கைகள் நீளும். இது மட்டும் அவர் பெயரிலேயே சேரும்.

டெல்லிக்கு இது புரியவில்லை. 2016 பிப்ரவரி 10 அன்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, முதலாளியின் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்றது. முதுமைக்குச் சேமிப்பு வேண்டும் என்பது அரசின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 58 வயதுவரை லைனில் உட்கார்ந்திருப்பவர் யார்?

ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளிப் பெண்கள் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். மறுநாள் தும்கூர் சாலை, மைசூர் சாலை என்று நகரமே ஸ்தம்பித்தது. எந்தத் தலைவரும் அழைப்பு விடுக்கவில்லை. தடியடி, கண்ணீர்ப் புகை. பஸ்களும் எரிந்தன. 19ஆம் தேதியே தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அறிவிக்கையை ரத்து செய்வதாக அறிவித்தார். பலன் நாடு முழுவதும் உள்ள பி.எஃப். சந்தாதாரர்களுக்கு.

அவர்கள் காப்பாற்றிக்கொண்டது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணத்தை. வேலையில் இருக்கும்போது கிடைக்க வேண்டிய மரியாதைக்கு எந்த அமைச்சகமும் அறிவிக்கை வெளியிடுவதில்லை.