பெயரைக் கேட்டால் கேள்வியையே திருப்பிச் சொன்ன சிறுவன்! போலீஸ்காரர் கோபம், ஓடி வந்த டீச்சர்

"உன் பேரு என்னடா?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"உன் பேரு என்னடா?" என்றான் சிறுவன்.

"வீடு எங்கே?"

"வீடு எங்கே?"

போலீஸ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. பையன் கேலி செய்கிறான் என்று நினைத்தார். கூட்டம் கூடியது. சிறுவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினான்.

அப்போது மூச்சு வாங்க ஓடி வந்தார் ஒரு பெண். "சார், திட்டாதீங்க! கேட்டதைத் திருப்பிச் சொல்றதுதான் அவன் பேச்சு. அவனுக்கு ஆட்டிசம்" என்றார்.

அவர் சென்னையில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளியின் டீச்சர். பையனுக்கு வயது 11. பஸ் என்றால் உயிர். கேட் திறந்திருந்த நேரத்தில் நழுவி, பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டான்.

தாய் மீது பழி

ஆட்டிசம் ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. மூளை வளர்ச்சியில் ஏற்படும் மாறுபாடு. அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் இது பலருக்கும் தெரிய வந்தது. தாய் பாசம் காட்டாததால் வருகிறது என்று ஒரு காலத்தில் பழி போட்டார்கள். அது தவறு என்று பிறகு தெளிவானது. இந்தியாவில் 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று.

கையில் பல் தழும்பு

டீச்சரின் வகுப்பில் 6 பிள்ளைகள். சுவர் முழுக்கப் படங்கள். பை மாட்டுவது, பாடம், சாப்பாடு, வீடு என்று வரிசையாக ஒட்டியிருக்கிறது. வரிசை மாறினால் பிள்ளைகள் தவித்துப்போவார்கள். தண்ணீர் வேண்டுமானால் தண்ணீர்ப் படத்தை எடுத்து டீச்சரிடம் கொடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளவே சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

டீச்சரின் கையில் பல் தழும்பு. "கோபத்திலே கடிக்கிறது இல்லீங்க. சொல்லத் தெரியாத தவிப்பு" என்கிறார்.

மீண்டும் அதே போலீஸ்காரர்

பஸ் நிலையச் சம்பவத்துக்குப் பிறகு டீச்சர் தூங்கவில்லை. பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையைப் பையனின் சட்டைப் பையில் வைத்தார். பெயர் கேட்டால் எடுத்துக் காட்டப் பழக்கினார். டீச்சர் கேட்டால் காட்டினான். வாட்ச்மேன் கேட்டால் காட்டவில்லை! ஒருவரிடம் கற்றதை இன்னொருவரிடம் செய்வது இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமம். எனவே வாட்ச்மேன், ஆயா, பெட்டிக்கடைக்காரர் என்று ஒவ்வொருவராகக் கேட்க வைத்தார். 5 மாதம் ஆனது.

கடைசியில் பஸ் நிலையத்துக்கே அழைத்துப் போனார். அதே போலீஸ்காரர் நின்றார்.

"உன் பேரு என்ன தம்பி?" இந்த முறை மெதுவாகத்தான் கேட்டார்.

சிறுவன் அட்டையை எடுத்து நீட்டினான். பிறகு, "உன் பேரு என்ன தம்பி?" என்றான்.

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே தன் பெயரைச் சொன்னார்.

நீங்கள் செய்ய வேண்டியது

இப்படிப்பட்ட குழந்தை தனியாகத் திரிவதைக் கண்டால் அதட்டாதீர்கள். கூட்டம் போடாதீர்கள். அடிக்கவே அடிக்காதீர்கள். கழுத்திலும் சட்டைப் பையிலும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 1098-க்குப் போன் செய்யுங்கள். எங்கேயோ ஒரு தாய் தேடிக்கொண்டிருப்பாள்!